குளிர் நாட்டில் ஜாக்கெட்டும் உடம்புதான்

என் அப்பா ஒரு அளாப்பி. விளையாட்டில் ஏமாற்றுகிற ஆளை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வோம். பெற்ற தகப்பனைப் பற்றி எடுத்த எடுப்பிலேயே இப்படி எழுதுகிறாளே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அவருக்கு முன்னாலேயே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. "அளாப்பத் தெரியாதவன் ஏன் விளையாட வாறான்?" என்பார்.

நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. டோர்செட் பார்க்கில், கென்னடி வீதிக்குப் பக்கத்தில், ஓர் உயரமான அடுக்குமாடிக் கட்டிடத்தில் இரண்டு அறை வீடு. வந்து இறங்கியது இலையுதிர்காலம். எனக்கு இங்கே ஒன்றும் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்து மைதானத்தில் பிள்ளைகள் எல்லாம் சறுக்கிலும் ஊஞ்சலிலும் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்பிடிக்க ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து மூலையில் குந்தியிருந்து அழுவேன். ஒரு சனிக்கிழமை அப்பா பலகணியில் நின்று கீழே கார்த் தரிப்பிடத்தைப் பார்த்தவர், திடீரென்று சன்னதம் வந்தவர் மாதிரிக் கத்தினார்.

"எடி பிள்ளை, இஞ்ச ஓடி வா! வெள்ளைக்காரன் எங்களுக்குக் கிளித்தட்டுக் கீறி வைச்சிருக்கிறான்!"

எட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். கார்கள் முகத்துக்கு முகம் பார்த்து நிற்பதற்காக நீளத்துக்கு ஒரு வெள்ளைக்கோடு, அதற்குக் குறுக்கே வரிசையாகக் கோடுகள். ஊரில் நாங்கள் தடியால் மண்ணில் கீறுவது இதைத்தான். மறிக்கிற கட்சி குறுக்குக்கோடுகளில் நிற்கும். அவர்களுடைய தலைவனுக்குக் 'கிளி' என்று பெயர்; கிளி மட்டும் நடுக்கோட்டிலும் ஓடலாம். மற்றக் கட்சி அவர்களிடம் அடி வாங்காமல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். விருந்தினர் கார் விடுகிற பக்கம் சனிக்கிழமைக் காலைகளில் வெறுமையாகக் கிடக்கும். அப்பா கட்டிடத்தில் இருந்த எல்லா நாட்டுப் பிள்ளைகளையும் திரட்டிவிட்டார். பாண் பேக்கரியில் இரவு வேலை முடித்து, நித்திரை கொள்ளாத கண்ணோடு வந்து, தானே கிளியாக நிற்பார்.

நின்று அளாப்புவார்.

ஒருநாள் நான் எல்லாக் கோடுகளையும் தாண்டிப் போய்த் திரும்பியும் வந்துவிட்டேன். கடைசிக் கோட்டில் அப்பா, "அவுட்! பட்டது!" என்றார். எங்கே பட்டது? பின்னலில் பட்டதாம். பின்னல் உடம்பில்லை என்று நான் கத்தினேன். "உன்ரை தலையிலதானே முளைச்சது, என்ரை தலையிலயோ முளைச்சது?" என்றார். சரி என்று அடுத்த கிழமை பின்னலைச் சுருட்டி ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு போனேன். அன்றைக்கு ஜாக்கெட்டில் பட்டதாம்! கடையில் வாங்கிய ஜாக்கெட் எப்படி உடம்பாகும் என்று கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள். அப்பா நாடியைத் தடவி, பெரிய நீதவான் மாதிரி ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"இது குளிர் நாடு. குளிர் நாட்டில ஜாக்கெட்டும் உடம்புதான்."

அதற்குப் பிறகு அந்தக் கார்த் தரிப்பிடத்தில் அதுதான் சட்டம். வேறு நாட்டுப் பிள்ளைகள்கூட அதை ஆங்கிலத்தில் சொல்லிச் சண்டை பிடித்தார்கள். நான் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், கலியாணம் கட்டி, ஒஷாவாவில் வீடும் வாங்கிவிட்டேன். இன்றைக்கும் அந்தத் தீர்ப்பை நினைத்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அம்மா போன பிறகு அப்பா அதே வீட்டில் தனியே இருக்கிறார். இருக்கட்டும் என்றுதான் நானும் விட்டிருந்தேன். போன குளிர்காலம் பஸ் தரிப்பிடத்துக்குப் போகிற வழியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். முறித்ததுகூடப் பெரிதில்லை, மனிதர் எனக்குச் சொல்லவில்லை! தொலைபேசியில் "சாப்பிட்டியோ, பிள்ளை படிக்கிறாளோ" என்று வழக்கம்போலவே கதைத்தார். ஞாயிற்றுக்கிழமை நான் போய்க் கதவைத் தட்டினால், ஒற்றைக் கையால் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டு நிற்கிறார். மற்றக் கையில் முழங்கை வரைக்கும் கட்டு.

"என்னப்பா உது?"

"சுளுக்கு."

"சுளுக்குக்கு ஆரப்பா பிளாஸ்ரர் போடுறது?"

"இந்த நாட்டில எல்லாத்துக்கும் போடுவாங்கள். நீ இருந்து சாப்பிடு."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. வேலையிடத்தில் தொலைபேசி அதிர்ந்தால் அவருடைய எண்ணோ என்று பாய்ந்து பார்ப்பேன். நான் நாளாந்தம் அழைக்கிற இரண்டு மணிக்கு அவர் ஃபோனை எடுக்காவிட்டால், நடைபாதையில் கவிழ்ந்து கிடக்கிறார் என்று மனம் படம் காட்டத் தொடங்கிவிடும். அடுத்த குளிர்காலத்துக்கு அவரை ஒஷாவாவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், அந்த வீட்டையும் விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். அவரோ தலைகீழாய் நின்றாலும் வரமாட்டேன் என்றார்.

கோடையில் எங்கள் வீட்டுப் பின்வளவில் கோழி வாட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கடைசியில் இறங்கி வந்தார். நல்ல வெயில், வயிறு நிறையச் சாப்பாடு, ஆள் நல்ல பதத்தில் இருந்தார்.

"சரி, அழாதை. எங்கட கட்டிடத்துக்கு முன்னால புல்லுக் கிடக்கெல்லே. முதல் உறைபனி விழுந்து அந்தப் புல்லு வெள்ளையான அண்டைக்கு வாறன். அண்டைக்கே வாறன். போதுமோ?"

உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். என் கணவர்தான் சாட்சி. மகள் அதைத் தன் தொலைபேசியில் படம் பிடித்தாள். நான் சந்தோஷத்தில் இன்னொரு கோழிக்காலை எடுத்து அவருடைய தட்டில் போட்டேன். அளாப்பியிடம் சட்டம் எழுதுகிற வேலையைக் கொடுத்த விசரி நான்.

ஒக்ரோபர் நடுவில் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. அந்தக் கட்டிடத்தின் மேற்பார்வையாளர், எல்லாரும் சூப்பர் என்று கூப்பிடுகிறவர். பொறுமையான மனிதர், ஆங்கிலத்தில் மெல்ல மெல்லப் பேசுவார். "அப்பா விழுந்துவிட்டாரா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"இல்லை, இல்லை. உங்கள் அப்பாவுக்கு இலைகள் பிடிக்குமா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். தான் பின்னேரம் முன்வளவை வாரித் துப்புரவாக்கிவிட்டுப் போகிறாராம். காலையில் வந்தால் முழங்கால் மட்டத்துக்கு இலை. திரும்ப வாருகிறாராம், திரும்ப இலை. நிற்பது சில மேப்பிள் மரங்கள்தான், அவையும் ஏற்கெனவே மொட்டையாகிவிட்டன. தனக்கு வயதாகி மறதி வந்துவிட்டதோ, வாராமலே வாரியதாக நினைக்கிறேனோ என்று மனைவியிடம்கூடக் கேட்டிருக்கிறார். பிறகு ஒருநாள் காலை குனிந்து பார்த்தால் ஓக் இலைகள். "இந்த வளவில் ஓக் மரமே இல்லை, அம்மா" என்றார். பாவம் மனிதர்.

வேலையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கார் கென்னடியில் திரும்பும்போதே கண்டுவிட்டேன். பக்கத்துத் தெரு வீட்டுக்காரர்கள் இலைகளைப் பெரிய கடதாசிப் பைகளில் கட்டி, குப்பை லொறிக்காக வாசலில் வைத்திருந்தார்கள். அப்பா சாமான் வாங்குகிற தள்ளுவண்டியில் அந்தப் பைகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு வெள்ளைக்கார மனிசி வாசலில் நின்று கைகாட்டி, தன்னுடைய பையையும் கொண்டுவந்து கொடுத்தார். அப்பாவுக்குப் பின்னால், தேவாலயப் பூசைக்குப் போய் வந்த கோட்டும் சூட்டுமாக, தோளில் ஒரு மூட்டை இலையோடு இன்னொரு ஆள். அது கீழ்மாடியில் இருக்கிற மன்னார் அங்கிள், அப்பாவின் கூட்டாளி. இரண்டு பேரும் நாளாந்தம் சண்டை பிடிப்பார்கள், அதனால் பிரிக்க முடியாத சிநேகிதம்.

காரை ஓரம் கட்டி இறங்கினேன். "அப்பா, என்ன செய்யிறியள்?"

"எக்சசைஸ்" என்றார்.

"இலை களவெடுக்கிறது எக்சசைஸோ?"

"களவில்லை. எறிஞ்சதைத்தானே எடுக்கிறன்."

மன்னார் அங்கிளுக்குப் பொய் வராது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, வேர்வையைத் துடைத்தபடி சொன்னார்: "பிள்ளை, புல்லுக்கு மேல இலை கிடந்தா உறைபனி இலையிலதானே விழும். புல்லு வெள்ளையாகாதாம். அப்ப உங்கட அப்பா ஒஷாவாக்கு வரத்தேவையில்லையாம். நல்ல யோசனைதானே?"

நான் விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். தகப்பனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று ஒருத்தி கிடந்து சாகிறாள், அவர் அவளிடமிருந்து தப்புவதற்குத் தெருத்தெருவாக இலை பொறுக்குகிறார்! காருக்குள் போய்க் கதவைப் படாரென்று அடித்தேன். அவர் கண்ணாடியைத் தட்டி, "சாப்பிட்டியோ?" என்றார். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் வானிலையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். நான் ஒஷாவாவிலும் அவர் டோர்செட் பார்க்கிலும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் என் தொலைபேசியில் உறைபனி எச்சரிக்கை வந்தது. சனிக்கிழமை விடிய நான் மகளையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன். பதினைந்து வயது, நித்திரைப் பாயில் கிடந்ததை இழுத்து எழுப்பினேன். அவளுக்கு ஏன் வருகிறோம் என்றே தெரியாது. நாலு-சூனியம்-ஒன்று நெடுஞ்சாலையின் இருபக்கமும் புல் நரைத்திருந்தது. எனக்கு மனதுக்குள் ஒரு குதூகலம். அன்றைக்கு விடமாட்டேன்.

கட்டிடத்து முன்வளவு முழுக்க வெள்ளை. இலைகளின் ஓரமெல்லாம் அரிசிமாவில் பிரட்டி எடுத்த மாதிரி இருந்தது. நடுவில் அப்பா, ஜாக்கெட், தொப்பி, கையுறை எல்லாம் போட்டு ஆயத்தமாக நின்றார். பக்கத்தில் மன்னார் அங்கிள். கொஞ்சம் தள்ளி, இலை வாருகிற வாரியைப் பிடித்தபடி சூப்பர்.

"சத்தியம் நினைவிருக்கோ அப்பா? பாருங்கோ, வெள்ளை."

"வெள்ளையானது இலை" என்றார். குனிந்து ஒரு கை இலையை விலக்கினார். கீழே புல் பச்சைப்பசேலென்று கிடந்தது. "இது புல்லு. வெள்ளையோ? கண்ணைத் திறந்து பார். இலை எண்டுறது புல்லுக்குப் போட்ட ஜாக்கெட். நான் புல்லைப் பற்றித்தான் சத்தியம் பண்ணினனான்."

எனக்குள் முப்பது வருடத்துக்கு மேலாகக் கிடந்தது அப்படியே வெடித்துக்கொண்டு வந்தது.

"குளிர் நாட்டில ஜாக்கெட்டும் உடம்புதான் எண்டு ஆரப்பா சொன்னது? ஆர் சொன்னது? இலை புல்லின்ரை ஜாக்கெட் எண்டா, இலை வெள்ளையானாப் புல்லும் வெள்ளைதான்!"

மன்னார் அங்கிள், "உதுக்கு மறுமொழி சொல்லும் பாப்பம்" என்று அப்பாவை இடித்தார். மகள், "வெயிட், வி கேம் ஹியர் ஃபோர் க்ராஸ்? புல்லுக்காகவா?" என்றாள்.

அப்பா கையுறையில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டார். பிறகு கார்த் தரிப்பிடத்தைக் கைகாட்டினார்.

"கதைச்சு முடியாது. ஒரு ஆட்டம். நான் கிளி. நீ போய்த் திரும்பி வந்தியெண்டா நான் உன்னோட வாறன். பட்டுதெண்டா என்னை விட்டிட வேணும். இனி இந்தக் கதையே எடுக்கக் கூடாது."

நான் மறுத்திருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவள், கணக்காளராக வேலை பார்க்கிறவள், தகப்பனின் எதிர்காலத்தைக் கிளித்தட்டில் தீர்மானிக்கலாமா? ஆனால் என்னைக் கோபம் பிடித்திருந்தது. "அம்பயர் அங்கிள்தான். நீங்கள் வாயே திறக்கக் கூடாது" என்றேன்.

ஆள் போதவில்லை. மகள் வெட்கமில்லாமல் அம்மப்பா கட்சிக்குத் தாவினாள். இன்னொரு கோட்டுக்குச் சூப்பரைக் கேட்டோம். அவர் இதை ஏதோ சமயச் சடங்கு என்று நினைத்துவிட்டார் போல. தொப்பியைக் கழற்றி, வாரியை நெஞ்சோடு பிடித்தபடி பயபக்தியோடு வந்து கோட்டில் நின்றார். தொடங்க முதலே கிளி வெளிக்கோட்டில் ஓடலாமா கூடாதா என்று அப்பாவும் அங்கிளும் சண்டை தொடங்கிவிட்டார்கள். மன்னாரில் ஒரு சட்டமாம், யாழ்ப்பாணத்தில் இன்னொரு சட்டமாம். "நீர் அம்பயரோ, இல்லாட்டி எதிர்க்கட்சியோ?" என்று அப்பா கேட்டார். பலகணிகளில் ஆட்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நிற்கத் தொடங்கினார்கள்.

ஓடினேன். சூப்பரைத் தாண்டியது சுகம், அவர் எனக்குத் தலை குனிந்து வழிவிட்டார். மகளைத் தாண்டுவதுதான் பாடு. இடப்பக்கம் போகிற மாதிரிக் காட்டி வலப்பக்கத்தால் பாய்ந்தேன். முழங்கால் நொந்தது. மறுமுனையைத் தொட்டுவிட்டுத் திரும்பி, அவர்கள் இருவரையும் ஒரே பாய்ச்சலில் தாண்டினேன். இப்போது எனக்கும் வெற்றிக்கும் இடையில் அப்பா மட்டும்தான். நடுக்கோட்டில் கைகளை விரித்துக்கொண்டு, பொக்கை வாய் தெரியச் சிரித்தபடி, அந்தக் காலத்துக் கிளியாகவே நின்றார். நான் ஒரு பக்கம் ஆடினேன், அவரும் ஆடினார். நான் மறுபக்கம் ஆடினேன். அவர் திரும்பினார்.

வெள்ளைக்கோட்டின் பெயின்றில் உறைபனி படிந்திருந்தது. அவருடைய கால் சறுக்கியது.

விழவில்லை. இரண்டு கையையும் காற்றில் வீசி, ஒரு மாதிரிச் சமாளித்து நின்றுவிட்டார்.

"நில்லுங்கோ! ஓடாதேங்கோ!" என்று கத்தினேன். "எனக்குப் பயமப்பா! ஒவ்வொரு நாளும் பயம்! நீங்கள் ஃபோன் எடுக்காட்டி நான் செத்துச் செத்துப் பிழைக்கிறன், தெரியுமோ உங்களுக்கு? அம்மாவும் இல்லை. நீங்களும் இல்லாட்டி எனக்கு ஆர் இருக்கினம்? உங்களுக்கு எல்லாம் விளையாட்டு!"

கார்த் தரிப்பிடத்தின் நடுவில் நின்று விக்கி விக்கி அழுதேன். பலகணிகளில் ஒருவரும் அசையவில்லை. மகள் கையைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். அப்பா என்னையே பார்த்தார். அவருடைய முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது.

"ஆட்டம் முடியேல்லை" என்றார் மெல்ல. "ஓடு, பிள்ளை."

மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்று சொல்வதே பெரிய சொல். கண் தெரியவில்லை, நேரே அவர் பக்கமாகவே போய்விட்டேன். அவர் கையை நீட்டினார். முதுகில் பொத்தென்று விழுந்தது. அவருடைய உள்ளங்கை முழுவதும், ஐந்து விரலும், நன்றாகத் தெரிந்தது.

"அவுட்!" என்று மன்னார் அங்கிள் துள்ளினார். பலகணிகளில் கைதட்டல். மகள் "அம்மப்பா வெண்டிட்டார்!" என்று குதித்தாள். சூப்பரும் விளங்காமலே கைதட்டினார்.

"இல்லை" என்றார் அப்பா.

"என்ன இல்லை? நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தனான் ஐயா, நல்லாப் பட்டது!"

"ஜாக்கெட்டில பட்டது. உடம்பில படேல்லை. ஜாக்கெட் உடம்பில்லை."

"பட்டதப்பா" என்றேன். "நீங்கள் வெண்டிட்டியள். எனக்குத் தெரியும், பட்டது."

"உனக்கென்ன தெரியும்? தொட்டவன் நான். படேல்லையெண்டா படேல்லை. நீ போய்த் திரும்பி வந்திட்டாய்." அவர் அங்கிளின் பக்கம் திரும்பி, "எழுதும், அவள் வெண்டிட்டாள்" என்று அதட்டினார். அங்கிள், தோற்பதற்காகச் சண்டை பிடிக்கிற மனிதரை இன்றைக்குத்தான் காண்கிறேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டு படிக்கட்டில் இருந்துவிட்டார்.

வாக்குவாதத்தில் அப்பாவை வென்றவர் இல்லை. அன்றைக்கும் அவரே வென்றார். அந்தச் சனிக்கிழமையே ஒரு சூட்கேசோடு என் காரில் ஏறினார். வீட்டை விடுகிற அறிவித்தலை நத்தார்ப் பண்டிகை முடியக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டோம். நான் நினைத்ததெல்லாம் கிடைத்துவிட்டது. ஒஷாவா வரும்வரை சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு நல்ல அறை, பின்வளவைப் பார்த்த ஜன்னல். காலையில் நாங்கள் மூவரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுவோம். பின்னேரம் வந்தால் அவர் விட்ட இடத்திலேயே இருப்பார். உப்புக் குறைந்த கறி வைத்தேன், "நல்லாயிருக்கு" என்றார். எங்கள் வீட்டில் உப்புக் குறைந்தால் முன்பெல்லாம் பெரிய போர் நடக்கும். மகளோடு கார்ட்ஸ் விளையாடினார். அவள் என்னிடம் வந்து காதுக்குள், "அம்மா, சம்திங் இஸ் றோங். அம்மப்பா அளாப்புறேல்ல" என்றாள். நான் சிரித்துச் சமாளித்தேன்.

மன்னார் அங்கிள் தொலைபேசியில் அழைப்பார். கிளி வெளிக்கோட்டில் ஓடக்கூடாது என்று ஊரிலிருந்து யாரோ உறுதிப்படுத்திவிட்டதாகச் சொல்வார். அப்பா, "ஓம், நீர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்பார். அங்கிள் எனக்குத் தனியாக அழைத்து, "பிள்ளை, கொப்பருக்குச் சுகமில்லையோ? டொக்டரிட்டக் காட்டினியளோ?" என்று கேட்டார்.

காட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டொக்டர் சொன்னார்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பின்வளவு முழுக்க உறைபனி. நாங்கள் வாராமல் விட்ட இலைகள் தடிப்பாகக் கிடந்தன, மேலெல்லாம் வெள்ளை. அப்பா ஜன்னலடியில் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்சம் சீண்டிப் பார்ப்போமே என்று நினைத்தேன்.

"பாருங்கோ அப்பா, புல்லெல்லாம் வெள்ளையாப் போச்சு."

காத்திருந்தேன். "பிள்ளை, அது புல்லில்லை, இலை. கண்ணைத் திறந்து பார்" என்பார் என்று.

"ஓம்" என்றார்.

"ஆனா உது இலையெல்லே? கீழ புல்லுப் பச்சையாத்தானே கிடக்கும்?"

"இலையென்ன, புல்லென்ன, பிள்ளை" என்றார். "எல்லாம் ஒண்டுதான்."

அவர் தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். இனிப்புக் குறைவு என்றும் சொல்லவில்லை. அவர் நடைபாதையில் கவிழ்ந்து கிடப்பதாக எத்தனையோ தரம் நினைத்துப் பயந்திருக்கிறேன். இந்தப் பயம் அதைவிடப் பொல்லாததாக இருந்தது. பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது, எந்தப் பக்கம் நின்றாலும் எனக்கு நித்திரை வரப்போவதில்லை. ஆனால் டோர்செட் பார்க்கில் என்றால் அவருக்கு அளாப்புவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

மேசையில் கிடந்த கார்ச் சாவியை எடுத்தேன்.

"எழும்புங்கோ அப்பா. சூட்கேசை நான் அடுக்கிறன். நீங்கள் சப்பாத்தைப் போடுங்கோ."

அவர் எங்கே என்று கேட்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு, மடியில் கிடந்த போர்வையை மெல்ல விலக்கினார். சப்பாத்து ஏற்கெனவே காலில் இருந்தது. லேஸும் கட்டியிருந்தது.